கல் சொல்வதும் நாம் சொல்வதும்

நவம்பர்த் திங்கள் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் கொண்டாடப்படுகிறது. அந்நாட்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பழங்கோயில்களுக்கும் குன்றுகளுக்கும் அழைத்துச் செல்வதும், கல்வெட்டுகளைப் படித்துக் காட்டுவதும், ஊர் மன்றத்தில் சொற்பொழிவு நிகழ்த்துவதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. ஒரு காலத்தில் அறிஞர் சிலர் தமக்குள் பேசிக்கொண்ட செய்திகள் இன்று பொதுமக்களின் செவிக்கு எட்டுகின்றன. 1961இல் தோன்றிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 1991இல் ‘ஆவணம்’ இதழைத் தொடங்கிய தமிழகத் தொல்லியல் கழகமும், 2010இல் யானைமலையைக் காக்கும் முயற்சியில் மதுரையில் எழுந்த பசுமை நடையும், நம் சமூகத்தார் முன்னின்று நடத்திய அகிம்சை நடையும் இதற்கு வழி வகுத்தன.

இது மகிழத்தக்க மாற்றம். ஆயினும், இல்லறத்தாராகிய நம் முன் இஃது ஓர் அறவினாவையும் வைக்கிறது. பொதுமக்கள் முன் நின்று நம் முன்னோர் வரலாற்றைச் சொல்லும்போது எவ்வளவு சொல்லலாம்? கல்லில் இருப்பதற்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டினால் அது பக்தியா, பொய்யா?

இவ்வினா நமக்கு நூல் வழியாகக் கிடைத்ததன்று. மாணவி ஒருத்தியின் வழியாகக் கிடைத்தது.

திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்னும் சிற்றூர் உள்ளது. 2019 நவம்பர் 26இல் தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சிக்கு உட்பட்டது அது. நாம் பணியாற்றிய தொடக்க நாட்களில் அஃது தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தது. அவ்வூர்க் குன்றில் ‘தாசிமடம்’ என்று மக்கள் அழைக்கும் குகை ஒன்றில், 1981இல் அரசு தொல்லியல் துறையினர் ஒரு தமிழி எழுத்துப் பொறிப்பைக் கண்டறிந்தனர். ஒரே வரி. சதியபுதோ என்னும் சிறப்புப் பெயருடைய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது அதன் பொருள். அசோகனின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் கூறப்படும் சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் அதியமானின் குடியே அது என்பதற்கு இவ்வொரு வரி சான்றாயிற்று. ஐராவதம் மகாதேவன் இதனைப் பொது ஆண்டு முதல் நூற்றாண்டளவினது என்று கருதினார்.

1980களின் இறுதியில் ஆசிரியப் பயிற்சி மாணவியரை அங்கே அழைத்துச் சென்றோம். உள்ளூர் வரலாற்றைக் கொண்டு பாடம் நடத்துவது எவ்வாறு என்பதைக் கற்பிப்பதே நோக்கம். குகை முன் நின்று, “இஃது அதியமான் சமண முனிவர்களுக்கு அளித்த உறைவிடம்; கல்வெட்டே அவ்வாறு கூறுகிறது” என்றோம். அனைவரும் எழுதிக்கொண்டனர். ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. நாம் அளித்த படியைக் கையில் வைத்துக்கொண்டு, “டீச்சர், இதில் சமணர் என்ற சொல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.

அச்சொல் அதில் இல்லை. அது நமக்கும் தெரியும். எனினும், “எல்லாரும் அறிந்த செய்தியைக் கல்லில் எழுத வேண்டியதில்லை அம்மா” என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மற்றவரைப் போலவே எழுதினாள்.

நாம் சொன்னது முற்றிலும் தவறா? அன்று. பாளி என்பது பள்ளி என்னும் சொல்லின் வடிவம் என்றும், துறவியர் உறைவிடத்தைக் குறிப்பது என்றும் அறிஞர் கொள்கின்றனர். தமிழகத்தில் இத்தகைய குகைகள் பலவும் சமணத் துறவியருக்கு உரியனவாகவே கொள்ளப்படுகின்றன. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில், சேரர் குடியின் இளங்கடுங்கோ இளங்கோவான போது அமணராகிய யாற்றூர் செங்காயபனுக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி வெளிப்படையாகவே பொறிக்கப்பட்டுள்ளது. எனவே ஜம்பையும் அவ்வகையினதே என்று கருதுவது நேர்மையான ஊகம். ஆனால் பள்ளி என்னும் சொல் பௌத்தருக்கும் வழங்கியது. பீகாரின் பராபர் குன்றுகளில் அசோகன் ஆசீவகர்க்கே குகைகளை அளித்தான். ஊகத்தைச் சான்று என்று சொன்னதே நம் பிழை. “கல்வெட்டே அவ்வாறு கூறுகிறது” என்ற தொடரில்தான் பொய் புகுந்தது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களில் வாய்மையும் ஒன்று. அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாக உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்தினைக் கூறுகிறார். அவற்றுள் இரண்டு இங்கே எண்ணத்தக்கன. ஒன்று, பொய்யெழுத்து உண்டாக்குதல். கல்லில் இல்லாத சொல்லைக் கல்லின் வாயில் வைத்துப் பேசுவதற்கும் பொய்யோலை எழுதுவதற்கும் வேறுபாடு சிறிதே. மற்றொன்று, அடைக்கலப் பொருளைச் சொல்லால் கவர்தல். இதற்குப் பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் தரும் விளக்கம் நுட்பமானது. பொன்னை அடைக்கலமாக வைத்தவன் அதன் எண்ணிக்கையை மறந்து, குறைத்துக் கேட்கிறான். பெற்றவனோ “ஆம், அவ்வளவுதான்” என்று இசைந்துவிடுகிறான். தானாக அவன் பொய்யொன்றும் புனையவில்லை. கேட்பவனின் அறியாமைக்கு இசைந்தான், அவ்வளவே. அதுவே குற்றம்.

மரபு நடைக்கு வரும் பிள்ளைகளும் ஊராரும் அந்த மறந்தவனைப் போன்றவர்கள். கல்லெழுத்தைப் படிக்க அறியாதவர்கள். நாம் சொல்லும் கணக்கை ஏற்றுக்கொள்பவர்கள். பழங்காலம் அவர்கள் அனைவர்க்கும் பொதுவான அடைக்கலப் பொருள். அதனை எண்ணிக் காட்டும் இடத்தில் நாம் நிற்கிறோம். நம் பக்கம் ஒரு பொன்னைக் கூட்டி வைத்துக்கொண்டால் யாரும் அறியமாட்டார். அதனாலேயே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டும். பொருள் வரைதலும் நம் விரதமன்றோ? நிலத்திற்கும் பொன்னுக்கும் எல்லை வகுத்துக்கொள்ளும் நாம் பெருமைக்கு மட்டும் எல்லை வகுக்காமல் இருப்பது எவ்வாறு முறையாகும்?

இவ்வாறு பேசும்போது நம்மவருள் சிலர் வருந்துகின்றனர். அண்மையில் ஒரு நிகழ்ச்சியில் இக்கருத்தைச் சொன்னபோது, பெரியவர் ஒருவர், “டீச்சரம்மா, நாமோ சிறு கூட்டம். நம் தீர்த்தங்கரர் திருமேனிகள் எத்தனையோ ஊர்களில் வேறு பெயரால் வழங்குகின்றன. நம் பொருளை நாமே விட்டுக்கொடுத்தால் வேறு யார் எடுத்துச் சொல்வார்கள்?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வேதனை உண்மையானது. குன்றுகள் உடைபடுவதையும் படுக்கைகள் சிதைக்கப்படுவதையும் நாமும் கண்டு கலங்கியிருக்கிறோம்.

அவருக்கு நாம் கூறிய விடை இரண்டு. முதலாவது: மிகையாகச் சொன்ன ஒரு செய்தி பொய்யென்று வெளிப்பட்டால், மிகையின்றிச் சொன்ன நூறு செய்திகளும் ஐயத்திற்கு உள்ளாகும். ஜம்பையில் இல்லாத சொல்லை உண்டு என்றவரை, புகழூரில் இருக்கும் சொல்லைக் காட்டும்போது யார் நம்புவர்? நம்மிடம் ஐயமற்ற செல்வம் குறைவோ? இம்மாவட்டத்திலேயே திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் பாறையில் எழுந்தருளியிருக்கிறார். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் பள்ளி என்றே பேசுகின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயர் இன்றும் கல்லில் உள்ளது.

இரண்டாவது: மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்னும் கதையைக் கேட்கும்போதெல்லாம், சமகாலக் கல்வெட்டுச் சான்று எங்கே என்று நாம் கேட்கிறோம். அது முறையான வினா. அதே துலாக்கோலை நம் பெருமையின் மேலும் வைக்க இசைந்தால்தான் அவ்வினாவைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டு. நமக்கொரு படிக்கல், பிறர்க்கொரு படிக்கல் வைத்திருப்பது வணிகத்திலேயே குற்றமென்று ஆசாரியர்கள் விலக்கியது.

அவ்வாறாயின், கல்லில் இல்லாத எதையும் சொல்லக் கூடாதா? அதுவும் ஒருபக்கப் பார்வையே. கல்வராயன் மலையிலிருந்து வரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. அதற்கு முன் கூலியின்றி உழைத்தவர்களின் துயரம் முதியோர் நினைவிலேயே வாழ்கிறது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்னும் மரபும் அவர்களிடம் வாய்மொழியாகவே உள்ளது. கல் மட்டுமே பேசலாம் என்றால், கல்வெட்டும் வல்லமை இல்லாதவர் வாய் அடைபட்டுப் போகும். அது வாய்மையாகாது.

இங்கேதான் அநேகாந்தம் நமக்குக் கைவிளக்காகிறது. ஒரு பொருளைப் பல நோக்கில் காணலாம் என்பது மட்டுமன்று. எந்த நோக்கில் நின்று சொல்கிறோம் என்பதையும் உடன் சொல்ல வேண்டும் என்பதே அதன் கட்டளை. ஆகவே ஒரு மரபிடத்தில் நின்று பேசுவோர் நான்கினைத் தனித்தனி வாக்கியமாகச் சொல்லப் பழக வேண்டுகிறோம்: கல் சொல்வது இது, அறிஞர் கருதுவது இது, ஊரார் சொல்வது இது, நாம் நம்புவது இது. ஜம்பையில், அதியமான் பாளி ஈந்தான் என்பது முதலாவது. சமணத் துறவியர்க்கு ஈந்திருக்கலாம் என்பது இரண்டாவது. தாசிமடம் என்னும் பெயர் மூன்றாவது. அதனை இழிவாகக் கருதி மறைக்க வேண்டா. நம் முனிவர் அங்கே தவம் புரிந்தனர் என்னும் உள்ளத்துணர்வு நான்காவது. அதனைக் கூறவும் நாண வேண்டா. நான்கையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுப்பதே தவறு.

அன்று நம்முடன் வந்த மாணவியர் ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராக அமர்ந்து, நாம் சொன்னதையே எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பர். விதைத்ததைத் திரும்பப் பொறுக்க இயலாது. செய்த பிழையை வாய்விட்டு உரைக்கும் ஆலோசனை என்னும் வழியையே நம் அறம் நமக்கு வைத்திருக்கிறது. இக்கட்டுரையை அவ்வகையிலேயே எழுதுகிறோம். வரும் மரபு வாரத்தில் பிள்ளைகளை ஜம்பைக்கும் திருநறுங்கொண்டைக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிள்ளை, “அந்தச் சொல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் மகிழுங்கள். “இல்லை அம்மா, நாங்கள் அப்படிக் கருதுகிறோம்” என்று விடை கூறுங்கள். நாம் அன்று கூறியிருக்க வேண்டிய விடை அதுவே.

வாய்மை வெல்க.