களஞ்சியத்தின் அறம் எங்கே?

சேர்த்து வைப்பது பாவமா? லூக்கா நற்செய்தியில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வன் கண்டிக்கப்படுகிறான். ஆதியாகமத்தில் யோசேப்பு, சேர்த்ததைப் பஞ்சத்தில் திறந்ததால் போற்றப்படுகிறான். ஆக, அறம் கொள்ளளவில் இல்லை. வெளியேறும் வழியில் இருக்கிறது. லாரி அடியிலேயே வந்து நின்று நிரப்பிக்கொள்ளும் சைலோ என்னும் தானியக் கோபுரமும் இதையே சொல்கிறது. அடிக்கூம்பின் சரிவு போதாவிட்டால் நடுவில் உள்ள தானியம் மட்டும் இறங்கும். சுவரோரத்துப் பழைய தானியம் தங்கிக் கெடும். சரிவு செங்குத்தாகவும் சுவர் வழுவழுப்பாகவும் இருந்தால், முதலில் வந்தது முதலில் போகும்.

யோசேப்பு விலைக்குத்தானே விற்றான், கடைசியில் மக்களின் நிலமே பார்வோனுக்குப் போயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1943 வங்கப் பஞ்சத்தில் உணவுப் பற்றாக்குறையைவிட, உணவை வாங்க முடியாத நிலையே பலரைக் கொன்றது என்று அமர்த்தியா சென் வாதிட்டார். எனவே வாயில் திறந்தால் மட்டும் போதாது. அது யாருக்குத் திறக்கிறது என்பதும் வடிவமைப்பின் பகுதியே. அதைத் தீர்மானிக்காமல் கட்டுவது, எத்தனை டன் கொண்டாலும், பதுக்கல்தான்.