படித்துக் காட்டுவோன் கடமை

அரசியல் நூல்களையும் நடப்புச் செய்திகளையும் கூடியிருந்து படிக்க ஒரு வாசக வட்டம் வேண்டுமெனப் புனே நகரத் தமிழன்பர் சிலர் விரும்புகின்றனர். அறநூல் ஓதும் கூட்டத்தார்க்கு அரசியல் எதற்கு என்று வினவுவோரும் உளர். அடிக்கடி கூடி, ஒற்றுமையாய் ஆலோசித்து, ஒற்றுமையாய்க் கலையும் வரையில் வஜ்ஜியர்க்குத் தாழ்வில்லை என்று பகவான் உரைத்தது அரசியல் அன்றி வேறென்ன? ஆதலின் படிக்கலாமா என்பதில் எனக்கு ஐயமில்லை. எவ்விதம் படிப்பது என்பதே கேள்வி.

இந்நகரில் பொது நூலகம் தோன்றியது 1848 இல். ஜோதிராவ் பூலே பெண்களுக்குப் பள்ளி திறந்ததும் அவ்வாண்டே. நூல் இருப்பது வேறு, அதனைப் படிக்கும் கண் இருப்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நம்மிடையே இன்றும் தமிழ் பேசத் தெரிந்து, எழுதப் படிக்க அறியாத முதியோர் பலர். மராத்தி கற்ற பிள்ளைகளுக்கோ தமிழெழுத்து வாராது. எனவே ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதே வழக்கமாகும்.

ஆலைகளில் உணவு வேளையில் ஒருவர் பத்திரிகை படிக்கப் பத்துப் பேர் சூழ்ந்திருப்பதை யான் பல்லாண்டு கண்டவன். தமக்குப் பிடித்த செய்தியை உரத்துப் படிப்பார், பிடியாததை முணுமுணுப்பார், சிலவற்றை விட்டே விடுவார். கேட்பவர்க்கு அது தெரிய வழியில்லை. அவர் பொய்யென ஒரு சொல்லும் உரைத்திலர். ஆயினும் பொய் நிகழ்ந்துவிட்டது. பிறர் கண்ணாக அமர்ந்தவன் தன் விருப்பத்தால் அக்கண்ணை மூடுவது, இரவல் வாங்கிய பொருளில் பாதியைத் திருப்பிக் கொடாமல் வைத்துக்கொள்வதை ஒக்கும்.

"எதிரியின் வாதத்தை ஏன் நம் மக்கள் செவியில் இடவேண்டும்? அவர்களுக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு மணி நேரம்" என்பர் சிலர். நல்லெண்ணத்தால் பிறந்த வாதமே இது. ஆனால் இன்னார் இன்னதைக் கேட்கலாகாது என்று பிறர் தீர்மானித்த கொடுமையைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தவர் நாம். அதே தீர்மானத்தை நம்மவர்மீது நாமே அன்பின் பெயரால் சுமத்துவது எவ்விதம் தகும்?

பூனா ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1932 செப்டம்பர் 24 இல், எரவாடாச் சிறையில் காந்தியார் உண்ணாநோன்பு இருந்தபோது உருவானது. அதில் ஒப்பமிட்ட தமிழர் மூவரை நோக்குக. இரட்டைமலை சீனிவாசன் முந்திய ஆண்டு அம்பேத்கருடன் சேர்ந்து தனி வாக்காளர் தொகுதி கோரியவர். எம். சி. ராஜாவோ அவ்வாண்டிலேயே மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத் தொகுதியை ஆதரித்தவர். மூன்றாமவர் காங்கிரசின் இராஜகோபாலாச்சாரியார். பிரிட்டிஷ் பிரதமரின் தீர்ப்பில் 71 ஆக இருந்த மாகாண இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 30. ஆனால் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று. வேட்பாளர் நால்வரை முன்தேர்தலில் பொறுக்கும் உரிமையே எஞ்சிற்று, அதுவும் பத்தாண்டு எல்லைக்குள். இடங்களின் எண்ணிக்கையை மட்டும் படித்துக் காட்டினால் அது வெற்றி. முன்தேர்தலை மட்டும் படித்துக் காட்டினால் அது வீழ்ச்சி. இரண்டும் மெய்யே. எனக்கென ஒரு முடிவு உண்டு. அதனைப் படிக்கும்போது சொல்லேன், படித்து முடித்தபின் கேட்டால் சொல்வேன்.

நிற்க. நம் தலைவர் நூலையும் இவ்வாறே ஆராயலாமோ என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவேன். 1943 சனவரி 18 இல் இதே நகரில், கோகலே நினைவு மண்டபத்தில், ரானடேயின் நூற்றோராம் பிறந்தநாள் விழாவில் பாபாசாகிப் அம்பேத்கர் உரையாற்றினார். வீரரைப் போற்றுதல் வேறு, அவருக்குக் கீழ்ப்படிந்து அறிவை அடகு வைத்தல் வேறு என்று அங்கு பிரித்துக் காட்டினார். செய்தித்தாள்கள் தொழிலறம் துறந்து வாணிபமாயின என்றும் கடிந்தார். அவ்வுரையைப் படிக்கும் வட்டம் அவ்வுரையையே கேள்வி கேட்கத் தயங்குமாயின், படித்ததன் பயன் யாது?

ஆகவே படிப்பவர் வாரந்தோறும் மாறுக. ஒரு பக்கத்தின் வாதத்தை அப்பக்கத்தை நம்புபவரே படிக்கட்டும், அப்போதுதான் குரலில் ஏளனம் கலவாது. விடுவதாயின், "இங்கு இத்தனை பக்கம் விடுகிறேன்" என்று சொல்லி விடுக. கைப்பேசியில் வந்த துண்டுச் செய்தியை, மூலம் காட்டினாலன்றி வட்டத்தில் எடுக்க வேண்டா. பூனா ஒப்பந்தம் ஒன்பது பிரிவுகளே உடையது. ஒரு மாலையில் முழுதும் படித்துவிடலாம். வரும் ஞாயிறு அதிலிருந்தே தொடங்குவோம்.