நினைப்பது இப்போது யார் கடமை?

வைணவ மரபில் சரம சுலோகங்கள் மூன்று. ஒன்று கீதையில் கண்ணன் சொன்னது. ஒன்று வீடணன் அடைக்கலம் புகுந்தபோது ராமன் சொன்னது. மற்றொன்று வராகப் பெருமான் பூமிப் பிராட்டியிடம் சொன்னது. மூன்றாவதுதான் இன்று பல வீடுகளுக்கு வேண்டியது. உடலும் மனமும் நன்றாயிருந்த காலத்தில் என்னை நினைத்தவன், கடைசியில் கட்டையாய்க் கல்லாய்க் கிடக்கும்போது அவனை நான் நினைக்கிறேன், நல்ல கதிக்குக் கொண்டுபோகிறேன் என்கிறார் பெருமான். அந்த நேரத்திலும் நீதான் என்னை நினைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மறதி நோய் முற்றிய தாய்தந்தையரிடம் பிள்ளைகளின் தர்மமும் இதுவே என்பேன். அவர்கள் விட்ட நினைவை நாம் ஏந்திக்கொள்ள வேண்டும். எந்தக் கூரையின்கீழ் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

'பெற்றவளைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது பாவமில்லையா? வாசலுக்கு வந்த விட்டலனையே செங்கல்மேல் காக்கவைத்துப் பெற்றோருக்குப் பணிவிடை செய்த புண்டலீகன் கதையை மறந்தீரா?' என்று கேட்பார்கள். மறக்கவில்லை. புண்டலீகன் தன் கையால் செய்தான். நம் வீடுகளில் அதைச் செய்வது பெரும்பாலும் மருமகள். நோய் முற்றினால் இரவு பகல் தெரியாது. விழுங்கத் தெரியாமல் புரையேறும். படுத்த படுக்கையானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், தவறினால் படுக்கைப் புண். புண்ணியம் மகன் கணக்கில், இடுப்புவலி மருமகள் கணக்கில் என்றால் அதற்குப் புண்டலீகனைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது. வீட்டால் முடியாதபோது பயிற்சி பெற்ற கைகளில் ஒப்படைப்பது கைவிடுவதாகாது. மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் கைவிடுவதைத்தான் குற்றம் என்கிறது. 'சம்பளத்துக்குச் செய்வது சேவையாகுமா?' கோயிலில் அர்ச்சகர் பூஜை செய்கிறார். அதனால் நம் பக்தி குறைந்துபோவதில்லை. கோயில் பக்கமே எட்டிப்பார்க்காதவனுக்குத்தான் குறை.

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று உண்டு: 'போய் என்ன பயன், என்னைத்தான் அடையாளமே தெரியவில்லையே.' அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டி, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பார்த்தது சீக்கிரமே மறந்துபோயிற்று. சோகமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் தங்கியிருந்தன. நோய் முற்றியவர்களுக்கு இதை அப்படியே நீட்டலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் பேச்சே நின்றுபோனவர்கள்கூடப் பழகிய பாட்டுக்கு முகம் மலர்வதைப் பராமரிப்பவர்கள் கண்டிருக்கிறார்கள். உங்கள் வருகை அவர்கள் நினைவில் நில்லாமல் போகலாம்; அது தந்த நிம்மதி அதற்குமேலும் இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

ஆகவே இடம் மாற்றுவதானால் பொறுப்போடு மாற்றுங்கள். பொழுது சாயும் நேரத்தில் பலருக்குக் கலக்கம் கூடும். காலையில் அழைத்துப் போங்கள். பழைய போர்வை, சம்புடத்துத் திருநீறு, அவர்கள் கும்பிட்ட படம் கூடவே போகட்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், சாதத்தை எவ்வளவு குழைக்க வேண்டும், எந்தப் பாட்டுக்கு அமைதியாவார் என்று ஒரு தாளில் எழுதி அங்குள்ள நர்ஸிடம் கொடுங்கள். இந்த விவரம் எந்த மருத்துவ அறிக்கையிலும் இருக்காது. கொண்டுபோய் விட்டதோடு முடிந்தது என்று இராமல் அடிக்கடி போங்கள். போனால், 'நான் யாரு, சொல்லு பார்ப்போம்' என்று மட்டும் பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.