பொறாமை தபசாகட்டும்

எல்லாம் வல்ல இறைவன் மனிதனுக்குக் கண்களைத் தந்தது நல்லவற்றைக் கண்டு மகிழ்வதற்காகவே. திருவிழாக் காலத்தில் சுவாமி வீதியுலா வரும்போது அந்தக் கண்கள் குளிர்கின்றன. அதே கண்கள் அடுத்தவரின் வாழ்வைக் கண்டு எரியத் தொடங்கினால் அது நோயாகிவிடுகிறது. இந்நோயைத் திருவள்ளுவப் பெருந்தகை அழுக்காறு என்றார். இதிலிருந்து விலகி நிற்பதற்காக அழுக்காறாமை என்றொரு தனி அதிகாரமே வகுத்தார். பொறாமை உடையவனைக் கெடுக்க வேறு பகைவர் வேண்டியதில்லை, அந்தப் பொறாமை ஒன்றே போதும் என்பது அவர் தரும் எச்சரிக்கை.

முன்பெல்லாம் பொறாமைக்கும் ஓர் எல்லை இருந்தது. பக்கத்து லயத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, திருவிழாவுக்கு இன்னார் பட்டுச்சேலை உடுத்தார் என்பதோடு அது நின்றுவிடும். 2006 ஆம் ஆண்டு முகநூல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வட்ஸ்அப், டிக்டொக் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்று தோட்டத்துப் பிள்ளையின் உள்ளங்கைக்குள் கொழும்பும் டுபாயும் லண்டனும் இருக்கின்றன. ஒருவரின் புது வீடு, இன்னொருவரின் மோட்டார் சைக்கிள், கூடப் படித்தவரின் பட்டமளிப்பு விழா என்று படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. படத்தில் சிரிப்பு மட்டுமே தெரியும். வாங்கிய கடனும், அந்நிய நாட்டில் தனியே அழுத இரவும் படத்தில் வருவதில்லை.

இதைப் பார்க்கும் மனம், "எனக்கு மட்டும் ஏன் இந்த நிலை?" என்று சுருங்குகிறது. சிலர் தாயின் தோட்டை அடகு வைத்து விலையுயர்ந்த கைத்தொலைபேசி வாங்குகின்றனர். சிலர் மற்றவரைப் போலக் காட்டுவதற்காகப் பூப்புனித நீராட்டு விழாவையும் திருமணத்தையும் கடன்பட்டு நடத்துகின்றனர். படத்துக்கு விழுந்த விருப்பங்கள் இரண்டு நாளில் மறந்துபோகும். வட்டி மறப்பதில்லை. அதை அடைக்கத் தாய் வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறிக்கிறாள்.

இதற்கு மருந்து மகாபாரதத்தில் உண்டு. இந்திரப்பிரஸ்தத்தில் தருமர் இராஜசூய யாகம் செய்தபோது துரியோதனன் மயன் கட்டிய மண்டபத்தைக் கண்டான். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையைத் தூக்கினான். தண்ணீரைத் தரை என்று எண்ணி விழுந்தான். ஊர் திரும்பியவனுக்கு உணவு செல்லவில்லை, உறக்கம் வரவில்லை. அவன் ஏழையா? அஸ்தினாபுரத்து அரசகுமாரன். அவனுக்கு என்ன குறை என்று தந்தை திருதராட்டிரனே கேட்டான். குறை அவன் வீட்டில் இல்லை, அடுத்த வீட்டோடு ஒப்பிட்ட அவன் கண்ணில் இருந்தது. சகுனியோடு சேர்ந்து சூதாட்டம் வைத்தான். முடிவில் குலமே அழிந்தது.

அதே கதையில் அருச்சுனனும் இருக்கிறான். சூதில் நாடும் போயிற்று, மானமும் போயிற்று. அவனுக்கு இருந்தது உண்மையான குறை. ஆயினும் துரியோதனனின் செல்வத்தை எண்ணி எண்ணி அவன் காட்டிலே பொருமிக்கொண்டிருக்கவில்லை. தனக்கு எது வேண்டும் என்று தெளிந்தான். இமயம் சென்று தவமிருந்தான். வேடனாக வந்த சிவபெருமானோடு போரிட்டு, அவர் இன்னார் என்று உணர்ந்து பணிந்து, பாசுபதாஸ்திரம் பெற்றான். மலையகத் தோட்டங்களில் காமன் கூத்தோடும் பொன்னர் சங்கரோடும் அருச்சுனன் தபசையும் முன்னோர் ஆடிவந்தது வீண்பொழுது போக்குவதற்காக அல்ல. குறை உள்ளவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பதற்காகவே.

ஆகவே லயத்துப் பிள்ளை நல்ல வீட்டுக்கு ஏங்குவது பாவமல்ல. படிப்புக்கும் நல்ல தொழிலுக்கும் ஆசைப்படுவது பாவமல்ல. அடுத்தவருக்கு அது இருக்கக் கூடாது என்று நினைப்பதே பாவம். பொறாமை மனதில் எழும்போது அதற்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தனக்கு எது வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, எரிச்சலை விட்டுவிட வேண்டும்.

ஒரு படத்தைப் பார்த்து மனம் வெந்தால் முதலில், "அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்" என்று வாழ்த்த வேண்டும். வாழ்த்திய வாயால் பழிக்க முடியாது. அடுத்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த உழைப்பைக் கேட்டறிய வேண்டும். உறவுக்காரப் பெண் பல்கலைக்கழகம் சென்றிருந்தால், உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் எடுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்து படித்தாள் என்று அவளிடமே கேட்கலாம். பிறகு அதில் ஒன்றையாவது நாளைக் காலையிலேயே தொடங்க வேண்டும். கைத்தொலைபேசியில் கழியும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்தாலே அது தபசுதான்.

மீரியபெத்த மக்களுக்கு இதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து வந்தபோது, உள்ளவர் இல்லாதவர் என்று மண் பார்க்கவில்லை. அன்று ஒருவர் மற்றவரின் உயிரையே தேடினர், உடைமையைத் தேடவில்லை. பிற்பாடு வீடு கிடைத்தவரும் உண்டு, காத்திருந்தவரும் உண்டு. காத்திருப்பவருக்கு மனம் நோவது இயல்பே. ஆனால் கிடைத்தவரைப் பழிப்பதால் ஒரு கல்லும் சுவராக எழும்பாது. அவர் எந்தப் படிவத்தைக் கொடுத்தார், எங்கே சென்று கேட்டார் என்று அறிந்து, எல்லோரும் சேர்ந்து கேட்டால் வழி பிறக்கலாம். கிடைத்தவரும் தாம் அறிந்த வழியை மறைக்காமல் சொல்லிக்கொடுப்பது கடமை.

கந்தசஷ்டியில் சூரன்போர் காணும் அடியார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாமரமாய் நின்ற சூரனை வேலால் பிளந்த முருகப்பெருமான், அவனை இல்லாமல் செய்துவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் மாற்றித் தமக்கு வாகனமும் கொடியும் ஆக்கிக்கொண்டார். பகைத்து நின்ற வேகமே பெருமானைத் தாங்கும் வேகமாயிற்று. மனிதமனதில் எழும் பொறாமைக்கும் அந்த அருள் உண்டு. ஆலயத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அதைச் சந்நிதியில் வைத்துவிட்டு, முயற்சியைப் பிரசாதமாக எடுத்துச் செல்ல இறையருள் துணைநிற்பதாக.

மேன்மைகொள் நெறியில் எல்லோரும் நலமுடன் வாழ்க!