காற்றுக்குச் சொந்தக்காரர் யார்?



ஆனி, ஆடி மாதங்களில் பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கம் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றில் காற்றாலைகள் வரிசை வரிசையாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். நம் ஜனங்கள் அவற்றைக் "காத்தாடி" என்பார்கள். ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்திலிருந்த சிறுவன் தன் தாயாரிடம், "இந்தக் காத்தாடி எல்லாம் யாருதுங்கம்மா?" என்று கேட்டான். "கம்பெனிக்காரங்களுது சாமி" என்றாள் அவள். பையன் விடவில்லை. "அப்ப, காத்து யாருது?"

தாயார் சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

காற்றைச் சர்வேசுரன் சகலருக்குமாக உண்டாக்கினார் என்று ஞானோபதேசம் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் கோடிக்கணக்கில் பணம் போட்டுக் காத்தாடி நட்டவனுக்கு அதில் உரிமையே இல்லையா? அர்ச். அக்குவினாஸ் தோமையார் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார். பொருளைத் தேடிச் சேர்த்து நிர்வகிக்கும் அதிகாரம் தனி மனிதனுக்கு இருப்பது நியாயமே. ஏனெனில் தன்னுடையது என்றால்தான் மனிதன் அக்கறையாய்க் கவனிப்பான், பொதுச் சொத்து என்றால் "அவன் பார்த்துக்கொள்வான்" என்று ஆளுக்காள் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பொருளின் பயன் என்று வரும்போது, அதைத் தன்னுடையதாக மட்டும் அல்ல, பொதுவானதாகவும் கருதி, இல்லாதவனோடு பகிர ஆயத்தமாய் இருக்க வேண்டும் என்கிறார். அவர் காலத்திலும் காற்றாலை இருந்தது, மாவு அரைத்தார்கள்.

பொதுச் சொத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பது எப்போதும் மெய்தானா? மேட்டுப்பாளையத்துக்கு அருகே, நீலகிரி மலையடிவாரத்தில் ஓடந்துறை என்றொரு கிராமப் பஞ்சாயத்து இருக்கிறது. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்டு பில் கட்டியே பஞ்சாயத்தின் பணம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது தலைவராயிருந்த ஆர். சண்முகமும் ஊராரும் ஒரு துணிகரமான காரியம் செய்தார்கள். பஞ்சாயத்து சேமித்து வைத்திருந்த 40 லட்சம் ரூபாயோடு பாங்கியில் 1 கோடியே 15 லட்சம் கடன் வாங்கி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவினார்கள். அதை நட்ட இடம் ஓடந்துறை அல்ல. காற்று நன்றாய் வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடி, அதாவது இன்றைய நம் திருப்பூர் ஜில்லாவில். இங்கே சுற்றும் காத்தாடியின் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேர்ந்தது. பஞ்சாயத்தின் தேவை போக மிஞ்சியதற்கு வாரியம் பணம் கொடுத்தது. அந்த வருமானத்திலிருந்தே கடனும் அடைந்தது.

இதில் என் மனதைத் தொட்டது பணக்கணக்கு அல்ல. ஓடந்துறையில் கூரை வீட்டுக்காரனும் காற்றாலைக்குச் சொந்தக்காரன். அவன் ஒரு பைசாவும் முதல் போடவில்லை. அந்த ஊர்க்காரன் என்பதே அவன் பங்கு. கணக்கு சரியில்லை என்றால் கிராம சபையில் எழுந்து நின்று கேட்க அவனுக்கு வாய் உண்டு.

நம் ஊரில் பங்கு என்ற சொல்லுக்கு வேறொரு வழக்கமும் இருக்கிறது. வாரியத்தை விட்டு வேறொருவரிடம் மின்சாரம் வாங்கும் ஆலை ஒரு மேல்கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் தன் உபயோகத்துக்குத் தானே உற்பத்தி செய்துகொள்பவருக்கு 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டம் அதை விலக்கியிருக்கிறது. பலர் கூடியும் இப்படிச் செய்யலாம். உபயோகிப்பவர்கள் கையில் குறைந்தது 26 சதவீதம் உரிமை இருக்க வேண்டும், வருஷத்து உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே உபயோகிக்க வேண்டும் என்பது 2005-ல் வந்த விதி. நல்ல விதிதான். இதனால் எத்தனையோ பனியன் கம்பெனிகள் கரண்டுச் செலவைக் குறைத்து ஆர்டரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. நம்மில் பலர் வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது. முதலாளிமாரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை.

ஆனால் சில இடங்களில் அந்தப் பங்கு வெறும் காகிதம். சொற்ப விலைக்கு வாங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் அதே விலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அந்தக் காத்தாடி எந்தக் காட்டில் நிற்கிறதென்று "சொந்தக்காரர்" பார்த்ததே இல்லை. சட்டப்படி பிழையில்லாமல் இருக்கலாம். மனசாட்சி கேட்கவேண்டியது வேறு: அந்த மேல்கட்டணம் எதற்காக ஏற்பட்டது? பெரிய ஆலைகள் சற்று அதிகம் கொடுப்பதால்தான் சிறிய வீட்டுக்குக் குறைந்த விலையில் விளக்கு எரிகிறது. மெய்யாகவே முதல் போட்டு, நஷ்டத்துக்கும் பொறுப்பேற்றவனுக்குக் கொடுத்த சலுகையை, பெயருக்குச் சொந்தக்காரனாகி ஒருவன் எடுத்துக்கொண்டால், அவன் விட்டுப்போன பாரம் யார் தோளில் ஏறுகிறது?

1891-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தனிச்சொத்துரிமையை ஆதரித்து எழுதியபோதே, தொழிலாளிகளில் கூடியமட்டும் அநேகர் சொத்துள்ளவர்களாக வேண்டும் என்றும் சொன்னார். 1961-ல் 23-ம் அருளப்பர் பாப்பரசர், வேலைசெய்யும் ஸ்தாபனத்திலேயே தொழிலாளிக்குப் படிப்படியாய்ப் பங்கு கிடைக்க வேண்டும் என்றார். 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசரின் நிருபம், காற்றையும் வெயிலையும் கொண்டு கூட்டுறவு முறையில் மின்சாரம் உண்டாக்கி, மிஞ்சியதை விற்கவும் செய்கிற ஊர்களை நல்ல உதாரணமாகவே காட்டுகிறது. டென்மார்க்கின் தலைநகர்க் கடற்கரைக்கு எதிரே 2000-ம் வருஷத்தில் கடலில் எழும்பிய 20 காற்றாலைகளில் பாதிக்கு, 8,500-க்கு மேற்பட்ட சாதாரண அங்கத்தினர்கள் கொண்ட ஒரு கூட்டுறவுச் சங்கம் சொந்தக்காரர்.

நம்மால் ஆகுமா? கூரைமேல் சூரியத் தகடு வைக்க 2024 முதல் மத்திய சர்க்கார் 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு அது சகாயம். நம் பங்கில் டெய்லராகவும் கைமடியாகவும் செக்கிங் வேலையிலும் இருக்கும் குடும்பங்களில் எத்தனைக்குச் சொந்தக் கூரை உண்டு? லைன் வீட்டில் குடியிருப்பவனுக்கு மீட்டரே தன் பேரில் இல்லை. அரசாங்கம் இலவசமாய்த் தரும் 100 யூனிட்டும் அவனுக்கு வந்து சேராமல், யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொன்னதைக் கொடுக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இதே பூசைக்கு வருகிறார்கள்.

நான் மேலே சொன்ன 2005-ம் வருஷத்து விதியில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. அதிகம் பேர் கவனிப்பதில்லை. மின்நிலையத்தைப் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தால், அந்த 26-ம் 51-ம் அங்கத்தினர்கள் எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றினால் போதும். தனித்தனியாய் அவரவர் பங்குக்கேற்றபடி உபயோகித்தாரா என்ற கணக்கு வேண்டாம். பெரிய கம்பெனியும், பத்து மிஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க்காரரும், நான்கு தறி ஓட்டும் குடும்பமும் ஒரே சங்கத்தில் உட்கார முடியும். வீட்டு விளக்குக்கு இதனால் பெரிய லாபம் இராது. அந்தக் கட்டணம் ஏற்கெனவே குறைவு. தறிக்கும் மிஷினுக்கும் இருக்கும். வேலைசெய்கிற டெய்லர் போனஸில் ஒரு பகுதியைப் போட்டு அந்தச் சங்கத்தில் ஒரு பங்கு வாங்க இடம் வைப்பார்களா என்பதை, சங்கத்தைத் துவக்குகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட காரியங்கள் நம் ஊரில் என்ன ஆயின என்பதை, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிய நாட்களில் கூலி இல்லாமல் வீட்டிலிருந்தவர்கள் சொல்வார்கள். நொய்யலுக்கு யார் பொறுப்பு என்று அன்றைக்கு எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.