முதுகொடியும் முதியோரும்

பழமைக்கு மதிப்புண்டா என்னும் வினா சீர்திருத்தம் பேசுவோரிடை அடிக்கடி எழுவதாகும். பழையன யாவும் நன்றென்பர் ஒரு சாரார். தீதென்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் திராட்சைக் கொடி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம். மதுவைப் புகழ்வது எமது நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்தோர்க்கு அது தகாது. கொடியின் வயதைப் பற்றியதே ஈண்டுப் பேச்சு.

மேனாடுகளில் செந்நிறத் திராட்சை மதுப் புட்டிகளின்மேல் ‘முதுகொடியின் மது’ என அச்சிட்டு விற்கின்றனர். எத்தனை ஆண்டு சென்றால் கொடி முதுகொடியாம்? பெரும்பாலான நாடுகளில் இதற்குச் சட்ட வரையறை இல்லை. ஆஸ்திரேலியாவின் பரோசாப் பள்ளத்தாக்கினர் 2009இல் தாமே ஒரு கணக்கு வகுத்தனர். அதன்படி 35 ஆண்டு நிறைந்தது முதுகொடி. 125 ஆண்டு நிறைந்தது மூதாதைக் கொடி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரைத் தின்னும் சிறு பூச்சியொன்று ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கியது. பரோசாவை அஃது எட்டவில்லை. ஆதலின் 1843இல் நட்ட கொடிகள் சில அங்கே இன்றும் காய்க்கின்றன.

முதுகொடி குறைவாகவே காய்க்கும். ஆயினும் அதன் வேர் ஆழ்ந்து சென்று வறட்சியைத் தாங்கும். அதன் பழச்சாறு செறிவுடையதென்பர். காய்ப்புக் குறைந்ததே அதற்குப் பெருமையாகி, விலையையும் உயர்த்துகிறது.

இனி நமது மலாக்காவை நோக்குவோம். 1896இல் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்தின் பொருட்டு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. ரப்பர் மரத்துக்கு முதுமையால் பெருமை இல்லை. ஏறத்தாழ 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் அதனை வீழ்த்தி மறுநடவு செய்வர். பின்வந்த செம்பனைக்கும் அதே கதி. மரத்தளவில் இதனைக் குறைகூற வேண்டுவதில்லை.

ஆனால், அம்மரத்தில் பால் வெட்டிய மனிதன்? லயத்து வீடு அவன் வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீடும் நீங்கவேண்டும் என்பதே தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 2013இல் ஓய்வு வயது 60க்குக் குறையலாகாது என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவை நன்மையே. எனினும் குறைந்த கூலியில் சேர்ந்த பணம் ஒரு கூரையை வாங்கப் போதுமா? செக்ரோல் எழுதும் கிராணிமார் இவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. பெயரை அடிக்கும் கோடு அவர்தம் பேனாவினின்றே பிறக்கிறது.

“கம்பெனி தருமசத்திரமா? கொடிக்காரன் முதுமையைப் போற்றவில்லையா?” என்று வினவுவோர் உளர். அவன் போற்றுவது முதுமையையா, விலையையா? 1980களில் மதுவின் விலை வீழ்ந்தபோது, கொடிகளைப் பிடுங்குவோர்க்குத் தென் ஆஸ்திரேலியாவில் அரசாங்கமே பணம் கொடுத்தது. மிகப் பழைய கொடிகளும் அதில் மாண்டன. கொடியும் வேரும் மாறவில்லை; சந்தையே மாறிற்று. ஆகவே சந்தை தரும் மதிப்பு முதுமைக்குரிய மதிப்பன்று. மனிதனின் மதிப்பை அதனிடம் ஒப்படைத்தல் அறமாகாது.

குற்றம் முதலாளியோடு முடிந்துவிடவில்லை. மூதாதையர் வழக்கமென்று எத்தனையோ சடங்குகளை நாம் விடாப்பிடியாய்க் காக்கின்றோம். அதற்கெனக் கடனும் வாங்குகின்றோம். அம்மூதாதையரோ பின்கட்டில் தனியே கிடக்கின்றார். வழக்கம் பயன்தரும் வரையில் இருக்கட்டும், பயனற்றதாயின் கத்தரித்தெறிவோம். கொடியையும் ஆண்டுதோறும் அவ்வாறே கத்தரிக்கின்றனர். மனிதனுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. பயன் நின்றபின் அவனை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதிலேயே நம் அறம் விளங்கும்.

ஆதலின் தோட்டத்தில் உழைத்தோர்க்கு வேலையோடு போகாத சொந்த வீடு வேண்டும். அதனை முதலாளியிடமும் அரசாங்கத்திடமும் சங்கங்கள் ஓயாது கேட்கவேண்டும். அவ்வீட்டில் முதியோர்க்கு முன்னறையை ஒதுக்குவது நம் கடமை.