பூஜ்யம் எழுதும் நேர்மை

குஜராத் மாநிலத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் வேளாவதர் என்றோர் ஊர் இருக்கிறது. அதை அடுத்து 34 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு புல்வெளி, 1976-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வெளிமான்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. ஆனால் குளிர்காலத்து அந்திப்பொழுதில் அங்கே நிற்பவரின் பார்வை மான்களை விட்டு வானத்தின் பக்கம் திரும்பிவிடும். தரையை ஒட்டியபடி, நீண்ட சிறகுகளைச் சற்றே உயர்த்தி, பல திசைகளிலிருந்தும் பூனைப்பருந்துகள் மிதந்து வரும். கஜகஸ்தான், ரஷ்யா முதலிய நாடுகளின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வரும் இரைகொல்லிப் பறவைகள் இவை. பகல் முழுவதும் சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளிகளையும் சிறு பறவைகளையும் வேட்டையாடுகின்றன. இரவில் மரங்களை நாடாமல், உயர்ந்த புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகத் தங்குகின்றன. 1990-களில் இங்கே இரவு தங்கிய கூட்டமே உலகில் அதுவரை பதிவானவற்றுள் மிகப் பெரியது என்று ஆய்வாளர்கள் எழுதினர்.

வேளாவதரிலும் ஆந்திரத்தின் ரோல்லபாடு போன்ற பிற புல்வெளிகளிலும் இப்பறவைகளை எண்ணுவதற்கென்றே சிலர் வருகின்றனர். ஆய்வாளர்களோடு மாணவர்களும் ஆசிரியர்களும் அலுவலகப் பணியில் உள்ளவர்களும் அவர்களில் உண்டு. தன்னார்வலர்களுக்கு இதில் ஊதியம் இல்லை. சூரியன் மறைவதற்கு வெகு முன்பே புல்வெளியைச் சுற்றி ஆளுக்கொரு திசையில் நிற்கின்றனர். தத்தம் பக்கத்திலிருந்து உள்ளே வரும் பறவைகளை மட்டும் எண்ணுகின்றனர். புல்லில் இறங்கிய பறவை மறுபடியும் எழுந்து ஒரு வட்டமடித்து வேறிடத்தில் இறங்கினால், அதை மீண்டும் எண்ணிவிடக் கூடாது. இருள் கவிந்ததும் குறிப்பேடுகளை ஒப்பிட்டு ஓர் எண்ணை எழுதிவிட்டு வீடு திரும்புகின்றனர். செய்தது அவ்வளவே. ஒரு பறவைக்கு உணவிட்டார்களா? இல்லை. ஒரு பறவையின் காயத்துக்கு மருந்திட்டார்களா? அதுவும் இல்லை. எண்ணினார்கள், எழுதினார்கள்.

எண்ணுவதும் ஒரு சேவையா?

சேவையில் நாட்டமுள்ளவர் உள்ளத்தில் இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் தேவைப்படும் நாட்டில், மாலை நேரத்தைச் செலவிட்டுப் பருந்துகளை எண்ணுவது ஒரு பொழுதுபோக்குத்தானே? அதை அறத்தோடு சேர்த்துப் பேசுவது மிகையாகாதா?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு விடை தேட, இராஜஸ்தானத்தின் பரத்பூருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கேவலாதேவ் பூங்காவில் 1980-களில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்துவந்தார். பழந்தமிழில் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளும் அவர் கணக்கில் இடம்பெற்றன. அன்று அவற்றைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. நாட்டில் எங்கு மாடு இறந்தாலும் அங்கே பாறுகள் கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. காக்கையை எண்ணுவதைப் போல, பாறுகளை எண்ணுவதும் வீண்வேலையாகத் தோன்றியிருக்கும். ஆயினும் அவர் கூடுகளை எண்ணி எழுதி வைத்தார்.

1990-களின் பிற்பகுதியில் அதே இடத்தில் அவர் மறுபடியும் எண்ணியபோது கூடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மரக்கிளைகளில் பாறுகள் இறந்து தொங்கின. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. பிறகு நாடெங்கும் எண்ணிப் பார்த்தனர். 1992-க்கும் 2007-க்கும் இடையே, வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவே எஞ்சியது என்று அக்கணக்குகள் காட்டின. கால்நடைகளுக்கு வலி நீக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்ற உண்மை 2004-இல் வெளியாயிற்று. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடைசெய்தது.

ஊரைத் தூய்மையாக வைத்திருந்த ஓர் உயிரினம் அழிந்தால், அழுகும் சடலங்களாலும் பெருகும் தெருநாய்களாலும் துன்புறுபவர் ஏழை எளியவரே. ஆகவே அன்று பாறுகளின் கூடுகளை எண்ணியது மனிதனுக்குச் செய்த சேவையாகவும் முடிந்தது. ஆனால் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1980-களில் எண்ணியவருக்கு இந்தப் பயன் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. பயன் தெரியாத நிலையிலும் கணக்கைப் பிழையின்றிச் செய்தார். பயன் கருதாத கர்மத்தைப் பற்றி நாம் நூல்களில் படிக்கிறோம், சொற்பொழிவுகளில் கேட்கிறோம். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு, எவரும் கேட்காத ஒரு கணக்கைச் சிரத்தையோடு எழுதிய அந்தக் குறிப்பேட்டைக் காட்டலாம்.

காணாமையும் ஓர் அறிவு

பறவை எண்ணுபவருக்கு வரும் சோதனைகளில் கடினமானது, ஒன்றும் வராத மாலை. நெடுந்தூரம் பயணம் செய்து, குளிரில் இரண்டு மணி நேரம் நின்றும் ஒரு பறவைகூட வரவில்லை. போன ஆண்டு இதே இடத்தில் ஐம்பது பறவைகளைப் பார்த்ததாக நினைவு. என்ன எழுதுவது? தொலைவில் தெரிந்த ஒரு நிழலைப் பருந்தாக எண்ணிவிட மனம் துடிக்கும். அல்லது, 'எழுத ஒன்றுமில்லையே' என்று ஏட்டை மூடிவிடத் தோன்றும். இரண்டுமே தவறு. எழுத வேண்டியது பூஜ்யம்.

இல்லாமையை எப்படி அறிகிறோம் என்ற கேள்வி நம் தத்துவ மரபில் ஆழமாக ஆராயப்பட்ட ஒன்று. தரையில் குடம் இல்லை என்பதை எவ்வாறு அறிகிறோம்? அதுவும் கண்ணால் காண்பதே என்றனர் நையாயிகர்கள். குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர்களும் அத்வைதிகளும் உடன்படவில்லை. இல்லாமையை அறிவிக்கும் பிரமாணம் தனியானது. அது அனுபலப்தி, அதாவது காணாமை என்றனர். வேதாந்த பரிபாஷை கூறும் ஆறு பிரமாணங்களில் இது இறுதியானது. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனையையும் வைத்தனர். எல்லாக் காணாமையும் பிரமாணம் ஆகாது. குடம் அங்கே இருந்திருந்தால் நிச்சயமாகக் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலைமை இருக்க வேண்டும். இருட்டறையில் குடத்தைக் காணவில்லை என்பதால் அங்கே குடம் இல்லை என்று ஆகிவிடாது. நிபந்தனை நிறைவேறிய காணாமையையே 'யோக்கிய அனுபலப்தி' என்றனர்.

புல்வெளியில் நிற்பவர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் ஏடு இந்த நிபந்தனையை அப்படியே கடைப்பிடிக்கிறது. எத்தனை மணிக்கு வந்தார், எப்போது சென்றார், எத்தனை பேர் நின்றனர், மூடுபனி இருந்ததா என்று எல்லாவற்றையும் அவர் குறிக்கிறார். இவற்றோடு சேர்ந்து வரும் பூஜ்யம், 'நன்றாகப் பார்த்தேன், இருந்திருந்தால் கண்டிருப்பேன், இல்லை' என்று பொறுப்போடு சாட்சி சொல்கிறது. இவை இல்லாத பூஜ்யத்துக்கு அந்த வலிமை கிடையாது.

வாழ்க்கையில் நாம் இந்த வேறுபாட்டை எத்தனை முறை மறக்கிறோம்! 'அவனிடம் நன்றியே இல்லை', 'இந்த ஊரில் நல்லவர் எவருமில்லை' என்று எளிதாகத் தீர்ப்பளிக்கிறோம். போதிய வெளிச்சத்தில், போதிய நேரம் பார்த்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதில்லை.

'தெரியவில்லை' என்னும் கட்டம்

பூனைப்பருந்துகளில் மாண்டேகு பூனைப்பருந்து, வெளிர் பூனைப்பருந்து என்ற இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் தங்குவது உண்டு. சாம்பல் நிற ஆண்களை இனம் பிரித்துவிடலாம். ஆனால் பெண்பறவைகளும் இளம்பறவைகளும் பழுப்பு நிறமாய், முதுகின் அடியில் வெள்ளைப் பட்டையோடு, ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மங்கிய ஒளியில் தேர்ந்தவரும் தடுமாறுவர். அதனால் ஏட்டில் 'இனம் அறியப்படாத பூனைப்பருந்து' என்று ஒரு கட்டம் இருக்கும்.

புதிதாக வந்தவருக்கு அந்தக் கட்டத்தில் எழுதுவது தோல்வியாகத் தோன்றும். அனுபவம் உள்ளவர் தயங்காமல் எழுதுவார். அறிந்தது எது, ஊகித்தது எது, அறியாதது எது என்று தன் அறிவைத் தானே பிரித்துப் பார்ப்பது விவேகத்தின் தொடக்கம். நம்மில் பலர் ஆன்மிக விஷயங்களில்கூட இந்தக் கட்டம் இல்லாத ஏட்டையே வைத்திருக்கிறோம்.

நல்ல நோக்கத்துக்கான பொய்

எண்ணைக் கூட்டி எழுதத் தூண்டுவது ஆசை. குறைத்து எழுதத் தூண்டுவதோ, பல நேரங்களில், நல்ல நோக்கம். 'எண்ணிக்கை மிகவும் சரிந்துவிட்டது என்று எழுதினால்தான் அரசு விழித்துக்கொள்ளும், புல்வெளி காப்பாற்றப்படும்' என்று ஒரு தன்னார்வலர் நினைக்கலாம். நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே வாய்மையின் இடத்தைத் தந்திருக்கிறாரே என்றும் அவர் வாதிடலாம்.

ஆனால் வள்ளுவர் அங்கே கேட்பது குற்றமற்ற நன்மை. இந்த எண்ணை எழுதுபவர் அந்த நன்மைக்கு உறுதி கூற முடியுமா? அவர் எழுதிய எண்ணை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் முகமறியாத ஒருவர் எடுத்து, வேறொரு கேள்விக்கு விடை தேடப் பயன்படுத்துவார். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் பல இடங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பூனைப்பருந்துக் கணக்குகளை முதன்முறையாக ஒன்றுதிரட்டியது. இங்கு வரும் பறவைகள் குறைந்து வருவதாகவே அக்கணக்குகள் காட்டின. 2023-இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையோ 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. திறந்த வெளிகளில் வாழும் பறவைகளும் இரைகொல்லிப் பறவைகளும் குறைந்து வருவதை அதுவும் எடுத்துக்காட்டியது. ஒவ்வொருவரும் தத்தம் நல்ல நோக்கத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தியிருந்தால், இந்த அறிக்கைகளில் எதை நம்புவது? பொய்யால் வரும் நன்மையை நாம் ஊகிக்கிறோம். அதனால் வரும் கேட்டை நம் கண் எட்டாத காலத்தில் வேறொருவர் சுமக்கிறார். அது குற்றமற்ற நன்மை ஆகாது.

நளன் வெட்டிய மரம்

எண்ணுவது பற்றி மகாபாரதத்தில் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக மறைந்து வாழ்ந்த நளனிடம், வழியில் நின்ற தான்றிமரத்தின் இலைகளும் காய்களும் இத்தனை என்று இருதுபர்ணன் சொன்னான். நேரில் எண்ணாமல் நம்ப நளன் விரும்பவில்லை. தேரை நிறுத்தி இறங்கி, மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணினான். எண் சரியாக இருந்தது. ஆனால் மரம் வீழ்ந்துவிட்டது!

பிறர் சொல்லை அப்படியே ஏற்காமல் சரிபார்த்த நளனின் மனப்பாங்கு போற்றத்தக்கது. அவன் கையாண்ட வழி வேறு விஷயம். பருந்து எண்ணுபவர் புல்லுக்குள் இறங்கிச் சென்றால் கணக்கு எளிதாகலாம். ஆனால் நெடுந்தூரம் பறந்து வந்த பறவைகள் இரவில் எழுந்து சிதறிப்போகும். ஆகவே அவர் தொலைவிலேயே நிற்கிறார். உண்மையை அறியும் ஆசைக்கும் அகிம்சை ஓர் எல்லை வகுக்கிறது. அந்த எல்லையில் நிற்பதால் தன் கணக்கில் சிறு குறை நேர்ந்தால், அதையும் மறைக்காமல் எழுதுகிறார்.

நம் கணக்குகள்

இனி நம் ஏடுகளைத் திறப்போம். அன்னதானத்தில் உண்டவர்கள் 470 பேர். அறிக்கையில் 'சுமார் 500' என்று எழுதுகிறோம். மருத்துவ முகாமுக்கு வந்த ஒருவரே மூன்று முறை வந்திருந்தால் மூன்று நோயாளிகளாகக் கணக்கிடுகிறோம். இதில் எவருக்கும் கெடுதல் இல்லை, தொண்டின் பெருமைதானே கூடுகிறது என்று சமாதானம் செய்துகொள்கிறோம். ஆனால் உண்ணாத அந்த முப்பது பேர் யார்? அவர்கள் ஏன் வரவில்லை? உண்மையான எண் இருந்திருந்தால், அவர்களைத் தேடி எவரேனும் அந்தத் தெருவுக்குச் சென்றிருக்கலாம். கூட்டி எழுதிய எண் அவர்களை வந்தவர்களாக்கி, தேடும் வழியையும் அடைத்துவிட்டது.

உள்முகமான கணக்குக்கும் இது பொருந்தும். இன்று மனம் ஒரு நொடியும் தியானத்தில் நிற்கவில்லை என்றால், அதை அப்படியே ஒப்புக்கொள்ளும் சாதகனுக்கு நாளை என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். 'ஏதோ கொஞ்சம் நின்றது' என்று எழுதிக்கொள்பவனுக்கு அது தெரியப்போவதில்லை.

'பூஜ்யம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன: ஒன்று இன்மையைக் குறிக்கும் எண், மற்றது வணங்கத்தக்கது. இருள் சூழும் புல்வெளியில், எவரும் பார்க்காதபோது, மனம் வேண்டாத அந்த எண்ணை நடுங்கும் விரல்களால் எழுதும் இளைஞரிடம் அவ்விரண்டு பொருள்களும் ஒன்றாகின்றன. இன்றிரவு நம் நாட்குறிப்பைத் திறக்கும்போது, நாமும் அவ்வாறு ஒரு வரி எழுத முயல்வோம்.